மூக்கு போனவர்களுக்கு மூக்கு வந்த கதை தெரியுமா?

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஆறாம் நாள், திருவண்ணாமலை மாட வீதியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கிறீர்களா? அறுபத்து மூன்று நாயன்மார்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். வரிசை நீண்டுகொண்டே போகும். அந்த வரிசையில், ஒரே மூக்கறுப்பு வழக்கில் சம்பந்தப்பட்ட இரண்டு பேர் போகிறார்கள், தெரியுமா?

ஒருவர் செருத்துணை நாயனார். இன்னொருவர் பல்லவ அரசரான கழற்சிங்க நாயனார். திருவாரூர்க் கோயில் பூமண்டபத்தில் கீழே கிடந்த ஒரு பூவைக் கழற்சிங்கரின் பட்டத்தரசி எடுத்து மோந்துவிட்டாள். சாமிக்கு உரிய பூ! செருத்துணையார் கத்தியை எடுத்தார், அரசியின் மூக்கை அறுத்தார். ஓடி வந்த அரசர் மனைவிக்காகப் பரிந்து பேசினாரா? இல்லை. பூவை முதலில் எடுத்தது கையல்லவா என்று கையையும் வெட்டினார். இது நியாயமா என்பதைப் பட்டிமன்றக்காரர்களிடம் விட்டுவிடுவோம். எனக்கு வேறொரு கேள்வி: அந்த அம்மாள் போன மூக்கைத் திரும்பப் பெற்றிருக்க முடியுமா?

முடியும் என்கிறது பழைய அறுவை மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதை! நம்ப முடிகிறதா? ஒரு மரத்து இலையைப் பறித்து, போன மூக்கின் அளவுக்கு நறுக்கிக்கொள்ள வேண்டும். அந்த இலையைக் கன்னத்தில் வைத்து, அதே அளவுக்குச் சதையைச் சீவ வேண்டும். முழுக்கச் சீவி எடுத்துவிடக் கூடாது, ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூக்கு இருந்த இடத்தைச் சுரண்டிப் புண்ணாக்கி, சதையைத் திருப்பி வைத்துத் தைக்க வேண்டும். மூச்சு விட இரண்டு குழாய்களைச் செருக வேண்டும். அதிமதுரமும் மரமஞ்சள் சாரமும் சேர்ந்த பொடியைத் தூவி, பஞ்சு வைத்து, நல்லெண்ணெயால் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளிக்கு நெய் குடிக்கக் கொடுக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி, சுஸ்ருதர் நெற்றித் தோலில் மூக்கு செய்தார் என்று சொல்லும். கூடவே துல்லியமாக ஓர் ஆண்டுக் கணக்கும் வரும். நூலில் இருப்பது கன்னம். நூலின் காலமோ அறிஞர்கள் இன்றும் அடித்துக்கொள்ளும் விஷயம். நெற்றி பிற்பாடு வந்த வித்தை. அந்த நெற்றி வித்தைதான் உலகத்தையே சுற்றி வரப் போகிறது, கொஞ்சம் பொறுங்கள்.

அதற்கு முன் ஒன்று. மூக்குக்காகவே பெயர் வாங்கிய போர் நம் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது, தெரியுமா? மூக்கறுப்புப் போர்! 1650-களின் பிற்பகுதி. மதுரையில் திருமலை நாயக்கர் வயதாகி நோயில் படுத்துவிட்டார். நல்ல சமயம் என்று மைசூர் அரசர் கண்டீரவ நரசராஜரின் படை சத்தியமங்கலம் வழியாக இறங்கியது. சிக்கியவர்களின் மூக்கை, மேலுதட்டோடு சேர்த்து அறுத்தார்கள். ஆண், பெண், குழந்தை என்ற பேதமே இல்லை. அறுத்த மூக்குகள் மூட்டை மூட்டையாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போயின. இதையெல்லாம் அந்தக் காலத்திலேயே மதுரையிலிருந்த இயேசு சபைப் பாதிரியார்கள் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாயக்கர் யாரைக் கூப்பிட்டார்? ராமநாதபுரம் ரகுநாத சேதுபதியை. மறவர் படை மைசூர்ப் படையைத் துரத்தியது, துரத்தியபடியே அவர்கள் மூக்கையும் அறுத்தது! சேதுபதிக்குக் கிடைத்த மரியாதைகளில் ஒன்று, மதுரையைப் போலவே ராமநாதபுரத்திலும் நவராத்திரி கொண்டாடும் உரிமை. இன்று அங்கே கொலு பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த மூட்டைகள் நினைவுக்கு வரும்?

ஏன் மூக்கு? கழுத்தை வெட்டினால் ஆள் போய்விடுவான். மூக்கை அறுத்துவிட்டால் அவன் ஊர் திரும்புவான், சந்தைக்குப் போவான், கல்யாண வீட்டில் உட்காருவான். பார்க்கிறவன் ஒவ்வொருவனும் தோல்வியைப் பார்ப்பான். போர்க்களத்திலும், அரண்மனைத் தண்டனையிலும், பெண்டாட்டி மேல் சந்தேகப்பட்ட புருஷன் கையிலும் இதே கத்திதான். 1760-களில் நேபாளத்தின் கீர்த்திப்பூரைப் பிடித்த கூர்க்கா மன்னர் பிருத்வி நாராயண் ஷா ஊர்க்காரர்களின் மூக்கை அறுக்கச் சொன்னார். ஆக, இதில் ஒரு மதத்தையோ ஒரு ராஜ்ஜியத்தையோ மட்டும் கூண்டில் ஏற்றுவதற்கு வழியே இல்லை.

இத்தனை பேர் மூக்கை இழந்தால், மூக்கு வைப்பவர்களும் இருந்துதானே ஆக வேண்டும்? இருந்தார்கள்! அதைக் கண்ணால் பார்த்து எழுதியவர் ஒரு வெனிஸ்காரர். மனுச்சி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். முகலாயர் தர்பாரில் வைத்தியம் பார்த்துவிட்டு, கடைசிக் காலத்தில் சென்னையில் வந்து குடியேறிய ஆசாமி. ஔரங்கசீப் பீஜப்பூர் மேல் படையெடுத்தபோது அங்கே பிடிபட்டவர்களின் மூக்கு அறுபட்டதையும், அந்தப் பக்கத்து வைத்தியர்கள் புருவத்துக்கு மேலே நெற்றித் தோலை வெட்டிக் கீழே மடித்து மூக்காக ஒட்டியதையும் எழுதியிருக்கிறார். அப்படி ஒட்டிய மூக்கோடு நடமாடியவர்கள் பலரைப் பார்த்ததாகவும் சொல்கிறார். இது 17-ஆம் நூற்றாண்டின் இறுதி. ஐரோப்பா அதைப் படித்து வாயைப் பிளந்ததா? இல்லை, கண்டுகொள்ளவே இல்லை.

இப்போது மறுபடியும் திருவண்ணாமலைக்கு வாருங்கள். அமைதியின் ஊர், ஞானிகளின் ஊர் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் இந்த ஊர் பட்ட பாடு தெரியுமா? 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் ஒரு பக்கம், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மறுபக்கம். அந்தச் சண்டைக்குப் பெயரே திருவண்ணாமலைச் சண்டை. மூன்றாம் மைசூர்ப் போரில் மறுபடியும். 1790-91-ல் கர்நாடகப் பகுதிக்குள் புகுந்த திப்பு சுல்தானின் படை, திருச்சிப் பக்கம் போய்விட்டு வடக்கே திரும்பி, தியாகதுர்க்கம், திருவண்ணாமலை என்று சுழன்றடித்தது. கோட்டை மாதிரி மதில் இருந்த பெரிய கோயில்களெல்லாம் அன்றைக்குப் படைகளின் கண்ணில் கோட்டைகள்தான்.

உலக மருத்துவ வரலாற்றில் இடம்பிடித்த மூக்கு அறுபட்டது இதே போரில்தான்! மூக்குக்குச் சொந்தக்காரர் தளபதியோ ராஜாவோ அல்ல, கம்பெனிப் படைக்குத் தளவாடம் இழுத்த ஒரு மாட்டு வண்டிக்காரர். ஆங்கிலேயர்கள் அவர் பெயரைக் கவாஸ்ஜி என்று எழுதி வைத்தார்கள். குடியானவ மராட்டியர் என்றும் அவர்களே எழுதுகிறார்கள். பெயரோ பார்சிக்காரர் பெயர் மாதிரி ஒலிக்கிறது. கேட்டு எழுதியவர் காதில் என்ன விழுந்ததோ! திப்புவின் ஆட்களிடம் சிக்கிய அவருக்கு மூக்கும் ஒரு கையும் போயின. அந்த நிலையிலேயே வந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே பம்பாய்ப் படையோடு சேர்ந்துகொண்டார். சுமார் ஓராண்டு மூக்கில்லாமல் திரிந்தார். பிறகு பூனாவுக்குப் பக்கத்தில் ஒருவர் அவருக்கு மூக்கு வைத்தார்.

யார் அந்த ஒருவர்? குயவர் சாதியைச் சேர்ந்தவர். மண் குழைப்பதும் செங்கல் அறுப்பதும் குலத்தொழில், மூக்கு வைப்பது பரம்பரைக் கைவித்தை. அவர் செய்ததை பம்பாய் மாகாணத்து வெள்ளைக்கார டாக்டர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். நாமும் பார்ப்போம்.

முதலில் மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கு இருந்த இடத்தில் வைத்து, நல்ல மூக்காகத் தெரியும்வரை விரலால் பிடித்தார். அதை எடுத்துத் தட்டையாக்கி நெற்றியில் தலைகீழாக வைத்து, சுற்றிலும் கோடு போட்டார். கோட்டின் மேலேயே கத்தி ஓடியது. தோல் முழுவதும் உரிந்தது, இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு சின்னப் பட்டை மட்டும் விட்டு! அந்தப் பட்டையில்தான் வித்தையின் உயிரே இருக்கிறது, இதற்குத் திரும்பி வருவோம். பிறகு மூக்குத் தழும்பைச் சுற்றிக் கீறி, புதுப் புண் உண்டாக்கி, நெற்றித் தோலை ஒரு திருப்புத் திருப்பிக் கீழே இறக்கி, அதன் விளிம்பைக் கீறலுக்குள் செருகினார். ஒட்டுவதற்குப் பசை எது தெரியுமா? வெற்றிலைக்குப் போடும் கத்தக்காம்பு! அதைத் தண்ணீரில் குழைத்துத் துணித் துண்டுகளில் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு அடுக்கு. நாலு நாள் அதைத் தொடவே இல்லை. பிறகு நெய்யில் நனைத்த துணி. ஐந்தாறு நாள் மல்லாக்கப் படுக்கை. பத்தாம் நாள் மூக்குத் துவாரம் மூடிக்கொள்ளாமல் இருக்க மெல்லிய துணித் திரி. ஏறக்குறைய இருபத்தைந்தாம் நாள், கண்களுக்கு நடுவே இருந்த அந்தப் பட்டையை வெட்டினார். மூக்கு தன் காலில் நின்றது!

மயக்க மருந்து? அதெல்லாம் இன்னும் அரை நூற்றாண்டு கழித்து வரப்போகிற சமாச்சாரம்.

1794 ஜனவரியில் ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் கவாஸ்ஜியைப் புது மூக்கோடு வரைந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் படத்தோடு கடிதம் வந்தது. வண்டிக்காரர் பெயர் இருக்கிறது, ஓவியர் பெயர் இருக்கிறது, வேடிக்கை பார்த்த டாக்டர்கள் பெயர் இருக்கிறது. கத்தி பிடித்த குயவரின் பெயர் மட்டும் இல்லை! என்ன பெயர் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் எரிச்சல் மூட்டும் வெற்றிடம் இதுதான்.

லண்டனில் அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைத்தவர் ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர். இந்தியாவிலிருந்து திரும்பியவர்களைத் தேடித் தேடி விசாரித்தார். பிணங்களின் மேல் பழகிப் பார்த்தார். 1814 அக்டோபர் 23 அன்று, மூக்கை இழந்த ஒரு ராணுவ அதிகாரிக்கு நம்மூர் முறையிலேயே மூக்கு வைத்தார். மூன்று நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது, பக்கத்தில் நின்றிருந்த நண்பர் கடவுளே என்று கூவிவிட்டாராம், நிஜமாகவே அங்கே ஒரு மூக்கு இருக்கிறதே என்று! 1816-ல் கார்ப்யூ இரண்டு நோயாளிகளின் கதையைப் புத்தகமாகப் போட்டார். அடுத்து 1818-ல் பெர்லினில் அறுவை மருத்துவர் கிரேஃபே எழுதிய நூல், உலகம் இன்றுவரை பயன்படுத்தும் 'ரைனோபிளாஸ்டி' என்ற சொல்லைப் பிரபலமாக்கியது. முறைக்குப் பெயர்? இந்திய முறை!

அதுவரை ஐரோப்பாவுக்கு மூக்கு வைக்கவே தெரியாதா என்றால், தெரியும். இத்தாலியின் பொலோனா நகரத்து தாலியகோத்சி 1597-லேயே பெரிய நூல் எழுதியவர். அவர் தோல் எடுத்தது கையிலிருந்து. மேல்கையை முகத்தோடு சேர்த்துக் கட்டி, வாரக்கணக்கில் அப்படியே வைத்திருக்க வேண்டும். தூங்கினாலும் தும்மினாலும் கை மூக்கில்தான்! அவருக்குப் பிறகு அந்த வித்தை தேய்ந்து மறைந்தே போனது. 1566-ல் வாள் சண்டையில் மூக்கை இழந்த டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகே உலோக மூக்கைத்தான் ஒட்டிக்கொண்டு திரிந்தார். வெள்ளி, தங்கம் என்றெல்லாம் பேச்சு. 2010-ல் கல்லறையைத் திறந்து ஆராய்ந்தால், பித்தளை!

குஜராத்தின் ஜூனாகத்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். காது மக்ரானி என்ற கொள்ளைக்காரர் சகட்டுமேனிக்கு மூக்கு அறுத்துக்கொண்டிருந்தார். சமஸ்தானத்தின் தலைமை மருத்துவர் திரிபுவன்தாஸ் ஷா அவற்றைத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் அறுக்கிறார், ஒருவர் வைக்கிறார் என்று ஊரே சொல்லும் அளவுக்கு வேலை. நூறு மூக்குகளின் விவரத்தை அவர் 1889-ல் நூலாகவே வெளியிட்டார்.

சரி, அந்தப் பட்டைக்கு வருவோம். தோலை முழுசாக வெட்டி எடுத்து ஒட்டினால், அடியிலிருந்து ரத்தம் ஊறும்வரை அது உயிரோடு தாக்குப்பிடிக்க வேண்டும். மூக்கு அளவுக்குத் தடித்த சதை தாக்குப்பிடிக்காது, கறுத்து உதிர்ந்துவிடும். கண்களுக்கு நடுவே விட்ட பட்டைக்குள், மூக்கின் வேர்ப்பக்கத்திலிருந்து நெற்றிக்கு ஏறும் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. தோல் இடம் மாறினாலும் சாப்பாடு அந்த வழியாக வந்துகொண்டே இருக்கும். மூன்று வாரத்தில் புது இடத்திலேயே ரத்தக்குழாய்கள் முளைத்துக் கோத்துக்கொள்ளும். அப்புறம் பட்டையை வெட்டலாம். குயவருக்கு உடற்கூறு நூல் தெரியாது, நாள் கணக்கு தெரிந்திருந்தது!

இன்றைக்கு இது செத்துப்போன வித்தை என்று நினைக்கிறீர்களா? புற்றுநோயாலோ விபத்தாலோ மூக்கின் பெரும்பகுதி போனவர்களுக்கு இன்றும் முதலில் நினைக்கப்படுவது இதே நெற்றித் தோல்தான். நிறம் பொருந்தும், தடிமன் பொருந்தும். சுஸ்ருதருக்கு இலை, குயவருக்கு மெழுகு, இன்றைய பிளாஸ்டிக் சர்ஜனுக்கு? தையல் நூல் வருகிறதே, அந்தப் பொட்டலத்தின் மினுமினுப்புத் தகட்டைக் கத்தரித்து அளவெடுக்கிறார்கள்! இன்னொரு வேடிக்கையும் உண்டு. பட்டையை வெட்டும்வரை புது மூக்கில் ஈ உட்கார்ந்தால், நோயாளி நெற்றியைத் தட்டுவார். நரம்புக்குத் தான் வீடு மாறியது இன்னும் தெரியாது.

திருவண்ணாமலையிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரச் சொச்சத்தில் வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-ல் வந்து சேர்ந்த பால் பிராண்ட், வெள்ளைக்காரர்தான், ஆனால் பிறந்தது நம்ம கொல்லிமலையில்! தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை நிமிர்த்தியவர் என்று உலகம் அவரைக் கொண்டாடுகிறது. அவர் மூக்குக்கும் புருவத்துக்கும் வந்தது ஏன் தெரியுமா? நோய் குணமாகி, கையும் சரியாகி ஊர் திரும்பியவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. அமுங்கிய மூக்கும் முடி உதிர்ந்த புருவமும் அவர்களைக் காட்டிக்கொடுத்தன. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். வெளிக்காற்று ஓயாமல் போய்வரும் மூக்கைவிடக் குளிர்ந்த இடம் உடம்பில் எங்கே? உள்ளே நடுச்சுவர்க் குருத்தெலும்பு அரிக்கப்பட்டு, மேற்கூரை உள்ளே விழுந்துவிடும். வெளித்தோல் அப்படியேதான் இருக்கும், தாங்கத்தான் ஆள் இல்லை. ஆகவே மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ளே நுழைந்து, சுருங்கிப்போன உட்பக்கத்துக்குப் புதுத் தோல் வைத்து, மூக்கை மறுபடியும் தூக்கி நிறுத்தினார்கள். முகத்தில் வெளியே ஒரு வெட்டுக்கூடத் தெரியாது! புருவத்துக்குத் தலையின் முடித்தோலை ரத்தக்குழாயோடு இறக்கி வைத்தார்கள். அது தலைமுடியல்லவா, வளர்ந்துகொண்டே போகும். சிலர் அதை வெட்டவே மாட்டோம் என்று பெருமையாக நீளமாக விட்டுக்கொண்டார்களாம். எத்தனை வருஷம் புருவமே இல்லாமல் இருந்தவர்கள்!

மூக்கென்றால் முகம் மட்டுமா? கிரிவலப் பாதையில் ஆறாவதாக வரும் வாயு லிங்கத்தின் முன் ஒரு நிமிஷம் நின்று, மூக்கின்கீழ் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு துவாரத்திலும் காற்று ஒரே அளவில் வராது! ஒன்று திறந்திருந்தால் மற்றது கொஞ்சம் அடைத்திருக்கும். சில மணி நேரத்தில் முறை மாறும். 1895-ல் கைசர் என்ற ஜெர்மானியர் இதை மருத்துவ உலகுக்கு விவரித்தார். இடகலை, பிங்கலை என்று மூச்சைக் கணக்கு வைத்த நம்மூர்ச் சித்தர் மரபுக்கு இது பழைய சேதி. வேகமாக நடந்தால் மூக்கின் உட்சதை சுருங்கி இரண்டு பக்கமும் திறந்துகொள்வதும் உண்மை. 14 கிலோமீட்டரை வீசி நடந்து முடிப்பவர்களுக்கு மூச்சு லேசாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்று போகும் வழியிலேயே மிகக் குறுகலான இடம், துவாரத்திலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. கிரிவலப் பாதையில் இடுக்குப் பிள்ளையார் கோயிலுக்குள் ஒருக்களித்துப் புகுந்து வந்திருக்கிறீர்கள் அல்லவா, மூச்சுக்கு அது அப்படி ஓர் இடுக்கு. அங்கே ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் ஆள் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்க வேண்டும். மூக்கை மெல்லியதாக்கிக் கொடுங்கள் என்று போய் அழகான மூக்கோடும் அடைத்த மூச்சோடும் திரும்பியவர்கள் உண்டு. அதனால் நல்ல மருத்துவர் மூக்கின் வெளியைப் பார்ப்பதற்கு முன் உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பார். நடுத்தண்டு வளைந்திருந்தால் அதை நேராக்குவது தனி சிகிச்சை. காது மூக்கு தொண்டைப் பிரிவு உள்ள மருத்துவமனைகளில் அது அன்றாட வேலை. மூச்சுக்காக என்றால் காப்பீடு பெரும்பாலும் கை கொடுக்கும், அழகுக்காக மட்டும் என்றால் கைவிரித்துவிடும்.

அழகுக்கான சிகிச்சையின் வயது எவ்வளவு தெரியுமா? நூற்று முப்பது சொச்சம் வருஷம்தான்! 1887-ல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் ஜான் ரோ, வெளியே தழும்பு தெரியாமல் உள்ளிருந்தே மூக்கைத் திருத்தினார். 1898-ல் பெர்லினில் ஜாக் ஜோசப் ஒரு பெரிய மூக்கைச் சின்னதாக்கினார். தெருவில் எல்லோரும் தன் மூக்கையே பார்க்கிறார்கள் என்று வெளியே போகவே கூசிய இளைஞர் அவர். இந்த ஜோசப், அதற்கு முன் ஒரு பையனின் விடைத்த காதைச் சரிசெய்ததற்காக மருத்துவமனை வேலையை இழந்தவர்.

இப்போது இரண்டு வழி. துவாரத்துக்குள்ளேயே கீறுவது ஒன்று. இரண்டு துவாரத்துக்கும் நடுவிலுள்ள தூணில் சின்னக் கீறல் போட்டு, தோலைத் தூக்கி, உள்ளே கண்ணால் பார்த்து வேலை செய்வது இன்னொன்று. மூக்கின் மேல் மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு, கீழே எல்லாம் குருத்தெலும்பு. திமில் இருந்தால் அராவுவார்கள், அகலமாக இருந்தால் எலும்பைத் தட்டி உடைத்து நெருக்குவார்கள். ஆமாம், உளியும் சுத்தியும்தான்! தூக்கி நிறுத்த வேண்டுமென்றால் நடுச்சுவரிலிருந்தோ காதிலிருந்தோ விலா எலும்பின் முனையிலிருந்தோ குருத்தெலும்பு எடுப்பார்கள். ஒரு வாரம் மேலே காப்பு. இரண்டு வாரம் கண்ணைச் சுற்றிக் கறுப்பு. முழு வீக்கமும் வடிய ஒரு வருஷம் ஆகும். நம்மில் பலருக்கு மூக்கு நுனித் தோல் தடிப்பு. உள்ளே எவ்வளவு செதுக்கினாலும் மேலே கொஞ்சம்தான் தெரியும், வீக்கமும் மெதுவாகத்தான் வடியும். இதை முன்கூட்டியே சொல்லாமல் சினிமா நடிகையின் போட்டோவை வாங்கி வைத்துக்கொள்ளும் டாக்டரிடம் ஜாக்கிரதை! வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு, அடிபட்டது போன்ற காரணம் இல்லாவிட்டால், செய்ய மாட்டார்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்குத் தோலின் ரத்த ஓட்டம் சுருங்கும், புண் ஆறாது. ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒன்றும் மாற வேண்டியதில்லை என்று மூன்று டாக்டர் சொன்னபிறகும் நாலாவது டாக்டரைத் தேடுகிறவருக்குத் தேவைப்படுவது மனநல மருத்துவர். இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் உண்மை அதுதான்.

சிகிச்சை முடிந்தவர்களுக்குத் தரும் கட்டளைகளில் ஒன்று: மூக்கைச் சிந்தாதே, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மு! இன்னொன்று, மூக்குக்கண்ணாடியைச் சில வாரம் மூக்கில் வைக்காதே, நெற்றியில் ஒட்டிக்கொள்.

அப்புறம் மூக்குத்தி. அறுவை அறைக்குள் போகுமுன் கழற்றியே ஆக வேண்டும். ரத்தத்தை நிறுத்த மின்சாரக் கருவி வைப்பார்கள், உலோகம் இருந்தால் சுட்டுவிடும். மஞ்சள் கயிற்றைக்கூடக் கழற்றச் சம்மதிக்கும் அம்மாக்கள், முப்பது வருஷமாகத் திருகு இறுகிப்போன மூக்குத்தியில்தான் முரண்டு பிடிப்பார்கள். கடைசியில் நர்ஸம்மா தேங்காய் எண்ணெய்யோடு வந்து நிற்க வேண்டியிருக்கும். திரும்பப் போட எத்தனை நாள் ஆகும் என்பதை ஊருக்குக் கிளம்புமுன் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு மூக்குக்கும் கணக்கு வேறு. அதற்குள் துவாரம் தூர்ந்துவிட்டால்? புதிதாகக் குத்திக்கொள்ள வேண்டியதுதான்.